பெயரையும் காத்தார்கள்

1942 கோடையில், யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் தைத்த உடையோடுதான் வெளியே வர வேண்டும் என்ற ஜெர்மானிய உத்தரவு பெல்ஜியத்தில் நடைமுறைக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸ் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆந்த்ரே கூலெனுக்கு அப்போது இருபது வயது. அவருடைய வகுப்புப் பிள்ளைகள் சிலரும் அந்த நட்சத்திரத்தோடு வந்து நின்றார்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் உடைக்கு மேல் ஏப்ரன் அணிய வேண்டும் என்று சொல்லிவிட்டார் கூலென். யார் மார்பில் நட்சத்திரம் இருக்கிறது என்பது அதன்பிறகு யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஆகஸ்டில் மெகெலன் நகரத்துப் படை முகாமிலிருந்து ரயில்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் புறப்படத் தொடங்கின. போர் முடிவதற்குள் பெல்ஜியத்திலிருந்து 25,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் அப்படி அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான்.

கூலென் வேலை பார்த்த பள்ளியிலும் யூதப் பிள்ளைகள் ஒளிந்திருந்தார்கள். 1943-ல் ஒருநாள் அங்கே சோதனை நடந்தது. தலைமையாசிரியை ஒடில் ஓவாரும் அவருடைய கணவரும் கைதானார்கள். வதைமுகாம்களிலிருந்து இருவரும் திரும்பவே இல்லை. தலைமறைவாக இயங்கிய யூதர் பாதுகாப்புக் குழுவுக்காகக் கூலென் வேலை செய்துகொண்டிருந்தார். யூதரல்லாத இளம்பெண் என்பதால் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் அவரால் நடந்து போக முடியும். யூத சமூக சேவகி இடா ஸ்டெர்னோவோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டார். மடங்கள், விடுதிகள், கிராமத்துக் குடும்பங்கள் என்று கொண்டுபோய்ச் சேர்த்தார். அரசின் குழந்தைகள் நல அமைப்பை நடத்திய இவோன் நெவெஜான் தன் பதவியைப் பயன்படுத்தி இடமும் பணமும் ஏற்பாடு செய்தார். இப்படி 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மறைக்கப்பட்டார்கள். எங்கே என்பது பெற்ற தாய்க்கும் சொல்லப்படவில்லை. பிடிபட்டால் அடி தாங்காமல் சொல்லிவிடக்கூடும் என்ற அச்சம்தான் காரணம். முகவரி தெரியாத ஊருக்குப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் கதவைச் சாத்திய அந்தப் பெண்களின் துணிவும் இந்த மீட்பில் பாதி.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டியது குழு வைத்திருந்த ஐந்து நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண். ஒரு நோட்டில் எண்ணும் உண்மைப் பெயரும், இன்னொன்றில் எண்ணும் பொய்ப்பெயரும், மற்றொன்றில் எண்ணும் ஒளிவிடமும் என்று விவரங்களைப் பிரித்து எழுதி, நோட்டுகளைத் தனித்தனி இடங்களில் வைத்தார்கள். ஒன்று மட்டும் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ கையில் சிக்கினால் அதை வைத்து ஒரு பிள்ளையையும் கண்டுபிடிக்க முடியாது.

பட்டியலே வைக்காமல் இருந்திருந்தால் அன்றைய நிலையில் அதுதான் பாதுகாப்பு. எழுதிய ஒவ்வொரு வரியும் ஆபத்து. ஆனாலும் எழுதினார்கள், ஏனென்றால் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதும் தங்கள் கடமை என்று நினைத்தார்கள். 1944-ல் பெல்ஜியம் விடுதலை பெற்றதும் அதே நோட்டுகளோடு அதே வழிகளில் மறுபடி நடந்து, உயிரோடு இருந்த பெற்றோரிடமும் உறவினரிடமும் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார் கூலென். இதையும் மீட்பின் பகுதியாக எண்ணியதில்தான் அந்தக் குழுவின் பெருமை இருக்கிறது.

எல்லாரும் அப்படி எண்ணவில்லை. பிரான்ஸில் க்ரெனோபிள் நகருக்கு அருகே ஃபினாலி தம்பதி 1944 பிப்ரவரியில் கைதாகி ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய இரண்டு மகன்களை நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தின் தலைவி ஆந்த்வானெத் ப்ரன் காப்பாற்றினார். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1945 முதலே அத்தைமார் கேட்டும் அவர் பிள்ளைகளைக் கொடுக்க மறுத்தார். 1948-ல் ஞானஸ்நானம் செய்வித்தார். நீதிமன்றம் அத்தை பக்கம் தீர்ப்பளித்த பிறகு, 1953-ல், பாதிரிமார், கன்னியாஸ்திரிகள் துணையோடு சிறுவர்கள் எல்லை தாண்டி ஸ்பெயினுக்குக் கடத்தப்பட்டார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில்தான் குடும்பத்திடம் வந்து சேர்ந்தார்கள். காப்பாற்றியவருக்குக் குழந்தை சொந்தமாகிவிடுவதில்லை. அன்பு காரணமாக இருந்தாலும் ப்ரன் செய்தது அநீதிதான்.

பெயர், நாட்டுரிமை, குடும்ப உறவு ஆகியவற்றை இழக்காமல் இருப்பது குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோன குற்றச்சாட்டில் 2023 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்தது. ரஷ்யா அதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்கிறது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எங்கே? உறவினர் தேடி வரும்போது கொடுக்கத் தயாரா?

போர்முனைக்கு அரிசியும் மருந்தும் அனுப்பும் நிவாரண அமைப்புகள், தனித்துவிடப்பட்ட குழந்தையின் பெயர், ஊர், பெற்றோர் விவரத்தைப் பதிவதற்கும் முதல் நாளிலிருந்தே ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். நன்கொடை தரும் அரசுகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கெஸ்டபோ தேடிக்கொண்டிருந்த ஊரில், கையெழுத்தால் மட்டுமே செய்து முடிக்கப்பட்ட வேலை இது.