மறுபிறவிக்கும் அரசாங்க அனுமதியா? தலாய் லாமா வாரிசு விவகாரத்தின் பின்னணி

2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வாஷிங்டனில் மூளை நரம்பியல் விஞ்ஞானிகளின் மாநாடு நடைபெற்றது. அதில் உரையாற்ற திபெத்திய பௌத்தத் தலைவர் தலாய் லாமா அழைக்கப்பட்டார். அறிவியல் மேடையில் துறவிக்கு என்ன வேலை என்று கேட்டு நூற்றுக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டனர். அவர்களில் பலர் சீனப் பின்னணி கொண்டவர்கள். அதனால், எதிர்ப்பு அறிவியல் பற்றியதா, அரசியல் பற்றியதா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

விஞ்ஞானிகளுடன் தலாய் லாமாவின் உறவு அதற்கும் பழையது. 1987இல் சிலி நாட்டு உயிரியலாளர் பிரான்சிஸ்கோ வரேலா போன்றோர் தர்மசாலாவுக்கு வந்து அவருடன் பல நாள் உரையாடினர். அதன் தொடர்ச்சியாக, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் துறவிகளின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி ஆராய்ந்தனர். நீண்டகாலம் தியானம் பழகியவர்களின் மூளையில் காமா அலைகள் வலுவாக எழுவதாக 2004இல் அவர்கள் அறிவித்தனர்.

ஆனால், அந்த ஆய்வில் பங்கேற்ற துறவிகள் 8 பேர்தான். மரணத்திற்குப் பிறகும் தியான நிலையில் இருப்பதாகக் கருதப்படும் துறவிகளைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவர்களிடம் மூளை மின் இயக்கம் எதுவும் தென்படவில்லை. அறிவியல் நம்பிக்கைக்குத் துணை நின்றதும் உண்டு, கைகொடுக்காததும் உண்டு. பௌத்தக் கருத்து ஒன்று தவறென அறிவியல் நிரூபித்தால், அதைக் கைவிட வேண்டும் என்று தலாய் லாமாவே எழுதியிருக்கிறார்.

தியானத்தைக் கருவியால் அளக்கலாம். யார் யாருடைய மறுபிறவி என்பதை அளக்கக் கருவி இல்லை. அரசியல் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

1995 மே மாதம், 6 வதுச் சிறுவன் கெதுன் சோக்கி நியிமாவை மறைந்த பஞ்சன் லாமாவின் மறுபிறவியாக தலாய் லாமா அறிவித்தார். சில நாள்களிலேயே சிறுவனும் குடும்பத்தாரும் சீன அதிகாரிகளின் பிடிக்குள் சென்றனர். அதன் பிறகு வெளியுலகம் அவரைப் பார்க்கவில்லை. அவர் படித்து முடித்து வேலையில் இருப்பதாக 2020இல் சீன வெளியுறவு அமைச்சு கூறியது. அவர் இடத்தில், தங்கக் கலசத்தில் சீட்டு எடுத்து வேறொரு சிறுவனை சீனா அமர்த்தியது. அடுத்த தலாய் லாமாவை அடையாளம் காண்பதில் பஞ்சன் லாமாவுக்கு மரபுப்படி முக்கியப் பங்கு உண்டு. இதை நினைவில் வைத்தால் அந்த அவசரத்தின் காரணம் புரியும்.

தங்கக் கலச முறை 1793இல் சிங் பேரரசு கொண்டு வந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத கம்யூனிஸ்ட் கட்சி இன்று அதைத் தன் உரிமையாகக் கோருகிறது. மறுபிறவி எடுக்கும் லாமாக்களுக்கு அரசாங்க ஒப்புதல் கட்டாயம் என்று 2007இல் உத்தரவும் பிறப்பித்தது.

இதில் பெய்ஜிங்கிற்கு என்ன லாபம்? இன்றைய தலாய் லாமா 2 வயதில் கண்டறியப்பட்டு, 15 வயதில் ஆட்சிப் பொறுப்பேற்றவர். ஒரு தலாய் லாமா மறைந்தால், அடுத்தவர் வளர்ந்து ஆளாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காலத்தில் குழந்தையை வளர்ப்பவர் கையில்தான் திபெத்தியரின் விசுவாசமும் இருக்கும். 6ஆம் தலாய் லாமா பிறந்த தவாங், இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில் உள்ளது. அம்மாநிலத்தையும் சீனா உரிமை கோருவதால், அடுத்த குழந்தை எங்கே பிறக்கிறது என்பதே எல்லைப் பிரச்சினையாகிவிடும்.

தலாய் லாமாவும் காய் நகர்த்தாமல் இல்லை. 2011இல் அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைத்தார். 2025 ஜூலை 2ஆம் நாள், 90 வயது நிறைவுக்கு நான்கு நாள் முன்பு, தலாய் லாமா மரபு தொடரும் என்றும், வாரிசை அடையாளம் காணும் உரிமை தமது காடென் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே உண்டு என்றும் அறிவித்தார். பெய்ஜிங் உடனே மறுத்தது. சமய நம்பிக்கை விவகாரங்களில் அரசாங்கம் நிலைப்பாடு எடுப்பதில்லை என்றது இந்தியா. வாரிசுத் தேர்வில் தலையிடும் சீன அதிகாரிகளைத் தண்டிக்க அமெரிக்கா 2020இலேயே சட்டம் இயற்றிவிட்டது.

ஆக, ஒருநாள் இரண்டு தலாய் லாமாக்கள் இருக்கும் நிலை வரலாம். இருவருமே விவரம் அறியாத பிள்ளைகளாக இருப்பார்கள். 1995இல் காணாமற்போன சிறுவனுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. எங்கே இருக்கிறார் என்று அவரே வெளியில் வந்து சொல்லும் நாள் இன்னும் வரவில்லை.