யாருக்கு அந்த வேகம்?

மின்சார எக்ஸ்பிரஸின் மகிமையைப் பாடும் நண்பர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1930-ல் 'டெக்கான் குவீன்' பம்பாயிலிருந்து பூனாவுக்கு மின்சார எஞ்சினோடு மலையேறியது; நீராவி எஞ்சின் மூச்சு வாங்கும் ஏற்றந்தான். சனி ஞாயிறுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்க வேண்டுமே! 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார வண்டி ஓடிற்று. சந்தோஷம்.

போடிநாயக்கனூருக்கு? 1928-ல் மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் வந்தது. யுத்தத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்கென்று 2010 கடைசியில் மறுபடி நிறுத்தினார்கள். போடிக்கு ரயில் திரும்பியது 2023 ஜூன் 15-ல். தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை வருஷம்!

ஊரில் சரக்கில்லையா? மலையில் விளையும் ஏலக்காய்க்கு ஏலம் போடியிலும் நடக்கிறது. மின்சாரமில்லையா? பெரியாற்றுத் தண்ணீர் இதே மாவட்டத்தில் லோயர் கேம்ப்பில் விழுந்து, 1958 முதல் மின்சாரம் தருகிறது. மலை கொடுத்தது, கம்பி வழியே கீழே போயிற்று.

ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கூலிக்காரி அத்தனை வருஷமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றாளே, அதை எந்த வேகக் கணக்கில் எழுதுவீர்கள்?