தொழில்நுட்பக் கழகத்தில் தத்துவவாதிக்கு என்ன வேலை?

தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் தத்துவம் கற்பிப்போருக்கு ஊதியம் கொடுப்பது வீண் என்று வாதிடுவோர் ஒருபுறம் இருக்கட்டும். அவர்களுக்கு விடை சொல்வது எளிது. நமக்குக் கவலை தருவோர் தத்துவத்துக்குப் பரிந்து பேசுகிறவர்கள்தாம். 'இயந்திரங்களோடு பழகி மனம் இறுகிப்போன மாணவர்களை மனிதர்களாக்கவே தத்துவம் வேண்டும்' என்கிறார்கள் இவர்கள். கேட்பதற்கு இனிமையான இந்த வாதம் பொறியாளரை இழிவுபடுத்துகிறது. தத்துவத்தை அதைவிடவும் இழிவுபடுத்துகிறது. வரலாற்றின் முன் அது நிற்பதும் இல்லை.

1920களின் இறுதியில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் இருவர் பேராசிரியர்களாக இருந்தனர். ஒருவர், தத்துவம் கற்பித்த ஆல்ஃபிரட் பொய்ம்லர். மற்றவர், பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த விக்டர் க்ளெம்பரர். பொய்ம்லர் நீட்சேயை அரசியல் சிந்தனையாளராக முன்னிறுத்தி 1931இல் நூலெழுதினார். நாஜிகளுக்கு உகந்த நீட்சே அவர். 1933இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பதவி கிடைத்தது. அவ்வாண்டு மே 10ஆம் நாள் அங்கே தம் தொடக்கவுரையை முடித்த கையோடு, நூல்களை எரிக்கப் புறப்பட்ட மாணவர்களோடு சேர்ந்து நடந்தார். யூதராகப் பிறந்த க்ளெம்பரரோ 1935இல் பதவி நீக்கப்பட்டார். நூலகக் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. ஆலையில் கட்டாய வேலை செய்ய நேர்ந்தது. மறைவாக எழுதிவந்த நாட்குறிப்பிலிருந்து, நாஜி ஆட்சியின் மொழியைப் பற்றிய அவருடைய நூல் 1947இல் உருப்பெற்றது.

அந்நூலில் க்ளெம்பரர் கூர்ந்து நோக்கியவற்றுள் ஒன்று, இயந்திரத்துக்கு உரிய சொற்கள் மனிதர்மீது ஏற்றப்பட்ட விதம். பத்திரிகைகள், சங்கங்கள், கல்விக்கூடங்கள் அனைத்தையும் கட்சியின் பிடிக்குள் கொண்டுவந்த செயலுக்கு இட்ட பெயரே மின்பொறியியலிலிருந்து எடுத்த சொல்தான். ஒரே விசையில் எல்லா விளக்குகளும் எரிய வேண்டும், அணைய வேண்டும். விளக்குக்கு அது வசதி, மனிதருக்கு? தத்துவப் பேராசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, நாற்காலி பறிக்கப்பட்ட இலக்கிய ஆசிரியர் கேட்டார். தொழில்நுட்பக் கழகத்தில் தத்துவவாதியின் பணி எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நாம் அறியோம்.

போருக்குப் பின் பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்லூரி 1946இல் 'பல்கலைக்கழகம்' என்ற புதுப்பெயரோடு திறக்கப்பட்டது. பொறியாளருக்கு மானுடக் கல்வியும் வேண்டும் என்பதே அப்பெயர் மாற்றத்தின் பொருள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1932இல் அங்கே பட்டம் பெற்ற வெர்னர் ஃபான் பிரௌன் வகுத்த வி-2 ஏவுகணைகள், மிட்டல்பௌ-டோரா வதைமுகாம் கைதிகளின் உழைப்பில் உருவானவை. அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆனால் பிரௌன் பியானோவும் செல்லோவும் வாசிக்கத் தெரிந்தவர். பண்பாடு இல்லாத முரடர் அல்லர் அவர். கலையின் மெருகு மனிதனைக் காக்கும் என்று நம்புவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

நம்மிடம் வருவோம். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் சென்னையில் தோன்றிய ஐ.ஐ.டி.யிலும் மானுட, சமூக அறிவியல்களுக்கெனத் துறை உண்டு. பொறியியல் கல்லூரிகளில் 'தொழில்நெறி' என்றொரு தாளும் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. 1984இல் போபாலில் கசிந்த நச்சுவாயு அங்கே குறுவினாவாகச் சுருங்கிவிடுகிறது. விடையை மனப்பாடம் செய்தவன் தேர்வு பெறுகிறான். அடுத்த அறையில் ஆலை வடிவமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அந்தக் குறுவினாவோடு எந்த உறவும் இல்லை. இந்த ஏற்பாட்டில் தத்துவம் கற்பிப்பவர், கட்டி முடித்த வீட்டின் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்ட அழைக்கப்படுபவர். செயற்கை நுண்ணறிவுக்கு 'அறநெறியாளர்' தேடும் இன்றைய ஆர்வமும் இதே பூசணிக்காயை வேறு வாசலில் கட்டுவதுதானோ என்று நாம் ஐயுறுகிறோம்.

தத்துவவாதி அழைக்கப்பட வேண்டியது வீட்டின் வரைபடம் விரிக்கப்படும் வேளையில். கணக்கு தொடங்குமுன், கணக்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அந்த முடிவு கணிதத்தால் எடுக்கப்படுவதில்லை; சொற்களால் எடுக்கப்படுகிறது. 'உகந்த அளவு' என்கிறோம், யாருக்கு உகந்தது? 'மனிதவளம்' என்று கூசாமல் எழுதுகிறோம். கனிமவளத்தை வெட்டி எடுக்கிறார்கள், தீர்ந்ததும் குழியை விட்டுவிட்டு நகர்கிறார்கள். மனிதரையும் 'வளம்' என்று அழைத்த பிறகு, அவரை எப்படி நடத்துவது என்பதில் பாதி முடிவாகிவிட்டது. இச்சொற்களை நிறுத்தி விசாரிப்பது அலங்காரம் அன்று, பொறியியலின் முதற்படி. எனவே வடிவமைப்பு வகுப்பில் பொறியாளரும் தத்துவவாதியும் சேர்ந்து கற்பிக்கட்டும். மாணவரின் இறுதியாண்டுத் திட்டத்தை 'இது தேவையில்லை' என்று மறுக்கும் உரிமையும் தத்துவவாதிக்கு இருக்கட்டும். மறுக்கும் உரிமை இல்லாதவரின் ஆலோசனைக்கு மதிப்பில்லை.

தத்துவவாதிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. கொதிகலன் எப்படி இயங்குகிறது, வழிநிரல் எப்படி முடிவெடுக்கிறது என்று அறியாமல் 'தொழில்நுட்பத்தின் சாரம்' பற்றிப் பேருரை ஆற்றுவது சோம்பலின் இன்னொரு பெயர். ஆய்வகத்துக்குள் போகாதவருக்கு ஆய்வகத்தைக் கேள்வி கேட்கும் தகுதி எங்கிருந்து வரும்? பொய்ம்லருக்கும் நாற்காலி இருந்தது, மாணவர் இருந்தனர், புகழ் இருந்தது. இல்லாமற்போனது தாம் சார்ந்த அமைப்பின் சொல்லை ஐயுறும் நேர்மை. அந்த நேர்மையைக் கொண்டுவர முடியாவிட்டால், தத்துவத்துறைக்கு ஊதியம் வீண் என்று சொல்வோரோடு நாமும் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.