கண்ணுக்குத் தெரியாத புயல்

விண்வெளியிலும் புயல் உண்டு. அதில் காற்று வீசாது, மழை பெய்யாது. ஆனாலும் ஒரு நாட்டையே அது திணற வைத்துவிடும்!

1994-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி கனடா நாட்டில் என்ன நடந்தது? "அனிக் இ-1" என்ற செயற்கைக் கோள் திடீரென்று நிலை தடுமாறியது. சிறிது நேரத்தில் "அனிக் இ-2" என்ற கோளும் கெட்டது. பத்திரிகைகளுக்குச் செய்தி போகவில்லை. வடகோடி ஊர்களில் டெலிபோன் பேசவில்லை. முதல் கோளைச் சில மணி நேரத்தில் சரி செய்தார்கள். இரண்டாவதைச் சரி செய்யப் பல மாதம் பிடித்தது.

இதற்குக் காரணம், எலெக்ட்ரான்! அணுவுக்குள் இருக்கும் நுண்ணிய துகள் அது.

பூமி ஒரு பெரிய காந்தம். அது கோடானுகோடி எலெக்ட்ரான்களைப் பிடித்து, தன்னைச் சுற்றி வளையம்போல் வைத்திருக்கிறது. 1958-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி வான் ஆலன், "எக்ஸ்புளோரர்-1" என்ற கோளில் கதிர்வீச்சை எண்ணும் கருவியை வைத்து அனுப்பினார். மிக உயரத்தில் கருவி எண்ணுவதை நிறுத்திவிட்டது! கருவி திணறிப்போகும் அளவுக்கு அங்கே கதிர்வீச்சு இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

சூரியன் சீறும்போது பூமியின் காந்த மண்டலம் குலுங்குகிறது. இதுவே காந்தப் புயல். அப்போது எலெக்ட்ரான்கள் அசுர வேகம் பெற்றால், கோளின் தகட்டைத் துளைத்து உள்ளே புகும். கம்பி உறைகளில் சேர்ந்து கொண்டே இருந்து, குட்டி மின்னலாகப் பாயும்.

புயல் அடித்தால் எலெக்ட்ரான் பெருகியே தீருமா? இல்லை! 1989 முதல் 2000 வரை அடித்த 276 புயல்களை, கோள்கள் எடுத்த அளவுகளைக் கொண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் புயல்களில்தான் எலெக்ட்ரான் பெருகியது. ஐந்தில் ஒரு பங்கில் குறைந்தது. மற்றவற்றில் பெரிய மாறுதல் இல்லை.

ஆகவே, புயலின் பலத்தை மட்டும் பார்த்து ஆபத்தைச் சொல்ல முடியாது. வளையத்துக்குள்ளேயே கருவி வைத்து அளக்க வேண்டும்.

2012-ல் அமெரிக்கா அனுப்பிய இரட்டைக் கோள்கள் அதைத்தான் செய்தன. வளையத்துக்குள் எழும் மின்காந்த அலைகளே எலெக்ட்ரான்களுக்கு வேகம் கொடுக்கின்றன என்று காட்டின. எரிபொருள் தீர்ந்ததால் 2019-ல் அவற்றின் பணி முடிந்தது.

ஆனால் காவல் நிற்கக் கூடாது. எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்தால், கோள்களை இயக்குகிறவர்கள் முக்கிய வேலைகளைத் தள்ளிப் போடலாம். பழுது நேர்ந்தால் உடனே கவனிக்கவும் ஆயத்தமாக இருக்கலாம். டெலிவிஷனும் டெலிபோனும் வானிலை அறிவிப்பும் கோள்களை நம்பியிருக்கும் காலம் இது. அளக்கும் கருவிக்குச் செலவிடும் பணம் வீண் செலவு அல்ல. வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போன்றதுதான்.