குறைமாதச் சிசுக்களைக் காப்போம்

விடியற்காலைப் பெரட்டுக்கு ஓர் ஆள் வரவில்லையென்றால், உடனே லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும் தோட்டங்கள் உண்டு. அதே லயத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நள்ளிரவில் இடுப்பு வலியால் துடித்தாலோ, வண்டி எங்கே, டிரைவர் எங்கே, சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே பொழுது விடிந்துவிடுகிறது.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், "பொய் வலியாயிருக்கும், விடியட்டும்" என்ற பேச்சைக் கேட்டு ஒரு தாய் காத்திருந்தாள். விடியுமுன் லயத்திலேயே குழந்தை பிறந்தது. அது ஆஸ்பத்திரி வாசலைக் கண்டது, மறுநாளைக் காணவில்லை. யாரையும் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்த இரவில் அங்கிருந்தால் நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம். ஆகவேதான் எழுதுகிறோம்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 32 வாரத்துக்கு முன் பிறப்பதும், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பதும் பெரும் ஆபத்துக்குரியவை. அச்சிசுவின் நுரையீரல் பக்குவப்பட்டிராது; உடம்பில் சூடு நிற்காது; பாலை உறிஞ்சி விழுங்கவும் வலுவிராது. சுவாசக் கருவியும், சூடான பெட்டியும், இரவு பகலாகக் கவனிக்கும் பயிற்சி பெற்ற தாதியரும் அதற்கு வேண்டும். இவை எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை.

"பிறந்தபின் ஆம்புலன்சில் அனுப்பினால் போயிற்று" என்பார் சிலர். அது தவறு. முந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை ஒரு கணக்கை வெளியிட்டது. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படாத சிசுக்களில், தீவிர சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிறந்தவற்றில் 100க்கு 23 இறந்தன. அவ்வசதியற்ற இடங்களில் பிறந்தவற்றில் 100க்கு 38 இறந்தன. குண்டும் குழியுமான சாலையில் அச்சிறு உயிரைச் சுமந்து செல்லத் தாயின் வயிற்றுக்கு ஈடான வண்டி கிடையாது.

தாய் முன்கூட்டியே சென்றால் இன்னொரு நன்மையும் உண்டு. சிசுவின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசியைத் தாய்க்குப் போடுவார்கள். நியூசிலாந்து டாக்டர்கள் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் உலகுக்கு அறிவித்த வைத்தியம் இது. அது நன்கு வேலை செய்ய ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். லயத்தில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஒரு நாளில் குறைகிறது.

ஆகவே தாய்மார்களே, மாதம் நிறையுமுன் விட்டுவிட்டு வலி எடுத்தாலும், நீர் உடைந்தாலும், உதிரம் பட்டாலும், கடுந்தலைவலியோடு கண் மங்கினாலும் விடியட்டும் என்று இராதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் உங்கள் புத்தகத்தில் ஒட்டும் நிறச் சின்னத்தின் பொருளைக் கேட்டறியுங்கள். சிவப்பென்றால் உடனே ஆஸ்பத்திரி. இரட்டைக் குழந்தை, இரத்தக் கொதிப்பு, முன்பு குறைப்பிரசவம் கண்டவர்கள், எந்த ஆஸ்பத்திரியில் பிரசவிக்க வேண்டுமென்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வழியிலேயே பிறந்துவிட்டால், குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து, தலையை மூடிப் போர்த்துங்கள், குளிப்பாட்டாதீர்கள்.

கிராணிமார் சகோதரர்களே, காரியாலயம் திறந்து சீட்டு எழுதும் வரை எந்தக் கர்ப்பிணியையும் காக்க வைக்காதீர்கள். சீட்டை மறுநாள் எழுதலாம்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது தர்மமன்று. ஒவ்வொரு டிவிஷனிலும் இரவில் ஒரு வண்டியும் டிரைவரும் இருக்கட்டும். 999ஓடு ஆஸ்பத்திரி நம்பரும் லயத்துச் சுவரில் எழுதப்படட்டும். கிளினிக்குக்குப் போன நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படாதிருக்கட்டும். 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள். 22 வாரம் கடந்து பிரசவமானால், சிசு பிழைத்தாலும் இறந்தாலும் தாய்க்கு அந்த உரிமை உண்டு. குறைப்பிரசவம் என்று சொல்லி அதைக் குறைக்க எவருக்கும் அதிகாரமில்லை.

மரத்தின் சுற்றளவு பார்த்து, பக்குவமான பிறகே வெட்டுத் திறக்கிறோம். பால்மரத்துக்குக் காட்டும் அந்தக் கவனம் நம் பிள்ளைகளுக்கு இல்லையா? ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசி, இரவு வண்டிக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கட்டும். மாதம் குறைந்து பிறக்கும் பிள்ளைக்கும் வாழும் உரிமை குறைவில்லை!