மாமாவின் தொட்டியில் ஒரு மணி பிளான்ட்

எங்கள் ஈசூன் வீட்டு வரவேற்பறையில் இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் என் மாமனார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு அவர் தமக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதான். உள்ளே முப்பது நாற்பது கப்பி மீன்கள் இருக்கும். சரியான எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். கப்பி வளர்த்தவர்களுக்குத் தெரியும், இன்று எண்ணினால் நாளை கணக்கு மாறிவிடும்.

ஞாயிறு காலை பசியாறி முடித்ததும் அவர் தண்ணீர் மாற்றுவார். தொட்டியில் ஏறக்குறைய 65 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். அதாவது பத்து லிட்டர் வாளியில் இரண்டு நடை குளியலறைக்கு, இரண்டு நடை திரும்பி. 74 வயதில் ஈரத் தரையில் பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு நடப்பது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி. இரண்டு வாரம் படுக்கை.

“தொட்டியை யாருக்காவது கொடுத்துடலாம்ப்பா,” என்றார் என் கணவர். மாமா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அத்தை போன பிறகு அந்த வீட்டில் காலையில் அவர் முதலில் பேசுவது மீன்களோடுதான் என்பது எனக்குத் தெரியும்.

வாளி தூக்குவதைக் குறைக்க வழி உண்டா என்று நான் தேட ஆரம்பித்தது அன்றுதான். விடை சமையலறை ஜன்னலில் ஊறுகாய் பாட்டிலுக்குள் நின்றுகொண்டிருந்தது. மணி பிளான்ட்.

ஏன் வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மீன் தின்கிறது, கழிக்கிறது. அதன் செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நல்லவேளையாக, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் உடனடி ஆபத்து குறைவு. ஆனால் சாதாரண ஃபில்டரில் அதைத் தின்ன ஆள் இல்லை. நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். நாம் வாளி வாளியாக வெளியே கொட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

செடிக்கோ நைட்ரேட் என்பது உரம். நாம் காசு கொடுத்து வாங்கும் உரப் பொட்டலத்தில் இருக்கும் அதே சத்து. மீன் வேண்டாமென்று கழித்ததைச் செடி வேண்டுமென்று குடிக்கிறது.

தண்ணீருக்குள்ளேயே வளரும் செடிகள் இதைச் செய்யாதா என்று கேட்கலாம். செய்யும், ஆனால் மெதுவாக. செடி வளரக் கரியமில வாயு வேண்டும். தண்ணீரில் அந்த வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் தண்ணீர்ச் செடி ஆசைக்காரர்கள் தனியாகச் சிலிண்டர் வைத்து வாயு விடுகிறார்கள். வேர் தண்ணீரிலும் இலை காற்றிலும் இருக்கும் செடிக்கு அந்தக் கவலை இல்லை. கீழே உரம், மேலே தாராளமாகக் காற்று, பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம். விறுவிறுவென்று வளரும். எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு நைட்ரேட்டை இழுக்கும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் செய்த முதல் வேலை, தாழ்வாரத்துத் தொட்டியில் கொழுகொழுவென்று வளர்ந்திருந்த மணி பிளான்ட்டிலிருந்து நான்கு தண்டுகளை வெட்டி மாமாவின் தொட்டியில் சொருகியதுதான். மறுநாள் காலை, அவர் புதிதாக வாங்கி விட்டிருந்த சிவப்புச் செர்ரி இறால் பன்னிரண்டில் ஒன்பது கூழாங்கல் மேல் வெளுத்துக் கிடந்தன. மாவுப்பூச்சிக்காக இரண்டு வாரத்துக்கு முன்பு அந்தச் செடிக்கு நான் மருந்தடித்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். இரண்டும் ஒரே உறவுமுறை. மீன்கள் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். “விடும்மா, உனக்குத் தெரியாதில்ல,” என்று மாமா சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆகவே முதல் விதி: மருந்து படாத செடியாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியதென்றால் என்ன அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. மண்ணில் மணிமணியாகக் கலந்திருக்கும் மெதுவாகக் கரையும் உரமும் தொட்டிக்குள் விழக்கூடாது. அதனால் வெட்டிய தண்டை நன்றாகக் கழுவி, மூன்று நான்கு வாரம் தனிப் பாட்டிலில் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, அதில் வரும் புது இலைகளையும் புது வேரையும் பார்த்த பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய இலைகளைக் கிள்ளிவிட்டால் இன்னும் நல்லது. நான் இரண்டாவது முறை அப்படித்தான் செய்தேன்.

தண்டு வெட்டும்போது கணுவைச் சேர்த்து வெட்ட வேண்டும். கணுவில் பழுப்பு நிறத்தில் சின்ன முளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். வேர் வருவது அங்கிருந்துதான். கணு இல்லாத வெறும் இலையை எத்தனை மாதம் தண்ணீரில் வைத்தாலும் புதுக்கொடி வராது. மண்ணில் வளர்ந்த செடியை வேரோடு பிடுங்கிக் கழுவித் தண்ணீரில் இறக்கலாமா? இறக்கலாம், ஆனால் மண்ணுக்குப் பழகிய வேரில் பெரும்பகுதி அழுகும். அந்த அழுகல் தொட்டியைக் கெடுக்கும். தண்ணீரிலேயே பிறந்த வேர் வெள்ளையாக, மெல்லியதாக, தண்ணீருக்குப் பழகியதாக இருக்கும். பாட்டிலில் தொடங்குவதே நிம்மதி.

தொட்டியில் வைக்கும்போது கணுவும் வேரும் மட்டும் தண்ணீருக்குள். இலை எல்லாம் வெளியே. மூழ்கிய இலை அழுகி, செடி எடுத்த நைட்ரஜனைத் திருப்பித் தண்ணீரிலேயே கொட்டிவிடும். தொட்டியின் பின்பக்கம் மாட்டும் வகை ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். அந்தப் பெட்டிக்குள்ளேயே தண்டைச் செருகிவிடலாம். ஆனால் மோட்டார் பக்கம் வேர் போகாமல் ஸ்பாஞ்சுக்கு அந்தப் பக்கமாக வையுங்கள். ஒருமுறை வேர் உள்ளே சுற்றிக்கொண்டு எங்கள் மோட்டார் நின்றுபோனது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கவில்லையே என்று மாமாதான் இரவு பத்து மணிக்குக் கண்டுபிடித்தார். ஃபில்டர் இடம் தராவிட்டால், குளியலறையில் மாட்டும் சின்ன சக்‌ஷன் கூடை போதும். மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

எந்தச் செடி? மணி பிளான்ட்டுக்கு நிகர் கிடையாது. பசிபிக் தீவான மொரேயாவில் பிறந்து, இன்று உலகத்து வீடுகளில் எல்லாம் கொடி வீசும் செடி அது. வெளிச்சம் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளாது. சிங்கோனியம், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா எல்லாம் அதே குடும்பம், அதே குணம். சீனப் புத்தாண்டு நேரத்தில் வாங்கும் அதிர்ஷ்ட மூங்கிலும் வளரும். பெயரில் மட்டுமே அது மூங்கில், உண்மையில் ஆப்பிரிக்காவின் டிரசீனா. பீஸ் லில்லியும் நன்றாக வரும். ஜன்னலில் நல்ல வெயில் விழும் வீடென்றால் கங்கோங் தண்டுகளைப் போட்டுப் பாருங்கள், அதன் வேகத்துக்கு ஈடு இல்லை. ஆனால் தொட்டியில் எப்போதாவது மீன் மருந்து விட்டிருந்தால் அந்தக் கீரையைச் சாப்பிட வேண்டாம். கற்றாழையும் கள்ளி வகைகளும் வேண்டவே வேண்டாம்.

பீஸ் லில்லி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு கண்ணாடிக் குடுவை, மேலே பீஸ் லில்லி, கீழே ஒரு சண்டை மீன், மீன் வேரைத் தின்று உயிர் வாழும் என்று சொல்லி விற்பார்கள். பார்க்க அழகு. மீனுக்கு அது மெதுவான தண்டனை. சண்டை மீன் வேர் தின்னாது. பூச்சி, புழு தின்னும் மீன் அது. மேலே வந்து காற்றை விழுங்கித்தான் அது மூச்சுவிடும். செடி வாயை அடைத்துவிட்டால் அதற்கும் வழியில்லை. பரிசாக யாராவது கொடுத்தால், மீனுக்கு உடனே ஒரு சரியான தொட்டி பாருங்கள்.

கொசு பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். டெங்கிக்காகப் பூச்சாடித் தண்ணீரை மாற்றச் சொல்லித் தேசிய சுற்றுப்புற வாரியம் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஊறுகாய் பாட்டில் மணி பிளான்ட்டுக்கு அது முழுக்கப் பொருந்தும். மீன் நீந்தும் தொட்டியில் பயமில்லை. கொசு முட்டையிட்டுப் புழு வந்தாலும் கப்பிக்கு அது விருந்து. ஆனால் செடியைத் தாங்கும் கூடையில் மீன் நுழைய முடியாத குழிவில் தண்ணீர் தேங்கக்கூடாது. துளை இருக்கிறதா என்று பாருங்கள். வேர் பிடிக்க வைத்திருக்கும் பாட்டில்களை மறந்துவிடாதீர்கள்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் முறையாகப் பூனை வளர்க்கலாம் என்று ஆனபிறகு எங்கள் புளோக்கிலேயே நான்கைந்து வீடுகளில் ஜன்னலோரம் பூனை தெரிகிறது. மணி பிளான்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம் எல்லாவற்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். தவழும் குழந்தைக்கும் அப்படித்தான். எட்டாத உயரத்தில் வையுங்கள். தங்கமீன் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும், அது எதையும் கடித்துப் பார்க்கும் ரகம். வேரைச் சுற்றி வலை போட்டுவிடுங்கள்.

சரி, மாமாவின் தொட்டி என்னவாயிற்று?

செடி வைப்பதற்கு முன் சோதனைக் குப்பியில் நைட்ரேட் பார்த்தோம். அவர் விழுந்து படுத்திருந்த நாட்களில் யாரும் தண்ணீர் மாற்றாததால் நிறம் 80ஐத் தொட்டிருந்தது. 40க்குக் கீழே வைத்திருப்பது மீன் வளர்ப்போர் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. முதல் மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. வேர் இறங்கவே அவ்வளவு நாளாயிற்று. என் கணவர் ஒன்றும் பேசாமல் செடியைப் பார்த்துவிட்டுப் போவார், அதற்கே எனக்குக் கோபம் வரும். மூன்றாவது மாதம் ஆறு தண்டுகளிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை வேர் திரைச்சீலை போல் இறங்கியது. குட்டிக் கப்பிகள் அதற்குள் ஒளிந்து விளையாடின. கண்ணாடியில் பச்சைப்பாசி வழிப்பது வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆனது. நைட்ரேட் 20ஐ ஒட்டி நிற்கிறது.

இதைக் கேட்டுவிட்டு இனித் தண்ணீரே மாற்ற வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். செடி எல்லாவற்றையும் எடுப்பதில்லை. தண்ணீர் ஆவியாகும்போதும் இலை வழியாகப் போகும்போதும் உப்புகள் உள்ளேயே தங்கிவிடும். மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் அவை அடர்த்தியாகும். நாங்கள் இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். புதிய தொட்டி வைத்திருப்பவர்கள் அப்படி விடக்கூடாது. பாக்டீரியா குடியேறும் வரை, செடி இருந்தாலும் அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் சேர்க்கப்படுவதால் வாளியில் ஒரு இரவு வைத்தால் மட்டும் போதாது. அது குளோரின் போல் தானாகப் பறந்து போகாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சொட்டு மருந்து அவசியம்.

இலையின் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். மீன் தீனியிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக வரும், இரும்பும் பொட்டாசியமும் அவ்வளவாக வராது. மீன் தொட்டிச் செடிகளுக்கான திரவ உரத்தைப் போத்தலில் சொன்னதில் பாதி விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கொடி நீளும்போது வெட்ட மனம் வராது. வெட்டத்தான் வேண்டும். செடி இழுத்த சத்து இலையிலும் தண்டிலும் இருக்கிறது. அதை வெட்டி வெளியே எடுத்தால்தான் அது உண்மையிலேயே தொட்டியை விட்டுப் போகிறது. மாமா வெட்டியதை வீசுவதில்லை. ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வேர் விட்டதும் மின்தூக்கியில் சந்திப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். மூன்றாம் மாடி மலாய்க்கார மக்சிக் வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவிடம் இரண்டு.

தண்ணீர் மாற்றும் ஞாயிறுகளில் வாளியும் இல்லை. சிராங்கூன் நார்த் அவென்யூ 1இல் வரிசையாக இருக்கும் மீன் கடைகளில் ஒன்றில் நீளமான குழாய் வாங்கி வந்தோம். தொட்டியிலிருந்து குளியலறைத் தரைக்கு அதுவே தண்ணீரைக் கொண்டுபோகிறது. புதுத் தண்ணீரை என் கணவர் தூக்கி வருகிறார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, “மெதுவா ஊத்துப்பா, குட்டிங்க பயப்படும்,” என்று மேற்பார்வை பார்க்கிறார். மிஞ்சிய மூன்று இறால்கள் பெருகி, நேற்று எண்ணியபோது பத்தொன்பது.