சிறு பெட்டியும் பெருங் கார்டும்

பழைய கணிப்பொறியைக் குறித்து நம் விடுதியில் இரு கட்சியார் உளர். ஒரு சாரார், "பத்தாண்டு கடந்துவிட்டது, எடைக்குப் போட்டுவிடுக" என்பர். மற்றொரு சாரார், "கடையிலுள்ளவற்றுட் பெரிய கிராபிக்ஸ் கார்டை வாங்கி அதனுட் செருகுக, புதியதாகிவிடும்" என்பர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது யாம் துணிந்த கருத்து. இரண்டாங் கட்சியில் யாமே சின்னாள் இருந்து பட்டறிந்தமையின், இதனைச் சொல்லும் உரிமை எமக்குண்டு.

நம் தமிழ் மன்றத்திற்கு முன்னாள் மாணவர் ஒருவர், தம் அலுவலகத்திற் கழிக்கப்பட்ட கணிப்பொறியொன்றை அன்பளிப்பாகத் தந்தார். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 என்னும் குறும்பெட்டி வகையினது அது. கட்டுரை தட்டெழுதற்கும், ஏட்டுச்சுவடிப் படங்களைப் பெரிதாக்கிப் படித்தற்கும் இன்றளவும் குறைவற உதவுகின்றது. இடையூறு நாடகத்தால் வந்தது. மன்றத்தார் நடித்த நாடகத்தைக் கைப்பேசியாற் படம்பிடித்து, வெட்டித் தொகுத்துக் கல்லூரி நாள் விழாவிற் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். கைப்பேசியோ அப்படத்தை எச்.இ.வி.சி. என்னும் முறையிற் சுருக்கிப் பதிந்திருந்தது. அம்முறை தரமாக வகுக்கப்பெற்றதே 2013-ஆம் ஆண்டில்தான். ஆகவே, இப்பெட்டியுள் அமைந்த இன்டெல் எச்.டி. 4600 அதனை முழுதுந் தானே விரித்துக் காட்டும் ஆற்றலற்றதாயிற்று. சுமை பிராசசரின் தலைமேல் விழ, மேடையில் வீரவசனம் முழங்கிய நண்பர் திரையில் விக்கி விக்கிப் பேசினார்.

உடனே மன்றத்தாரிடம் பணந் திரட்டிக்கொண்டு கடைவீதிக்கு விரைந்தோம். "எந்தப் பெட்டிக்கும் பொருந்தும், தம்பி, தைரியமாகக் கொண்டு போங்கள்" என்றார் கடைக்காரர். இரண்டு விசிறிகளுடன் செங்கல்லென விளங்கிய பழைய கார்டொன்றை ஏந்தி வந்தோம். பெட்டியைத் திறந்தபோதுதான் எம் அறியாமையும் உடன் திறந்தது. கார்டு பெட்டியின் விளிம்பிற்கு மேலே தலைநீட்டி நின்றது, மூடி மூடவில்லை. அதற்கென வேறாக ஆறு முனை மின்கம்பி வேண்டியிருந்தது. அத்தகைய கம்பி அப்பெட்டியில் இல்லவே இல்லை.

ஓர் அளவுகோலைக் கையிற் கொண்டு சென்றிருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது. முழு உயரக் கார்டின் பலகை ஏறத்தாழ 111 மில்லிமீட்டர் உயரம் வரை இருக்கலாம். குறும்பெட்டிகளுக்குரிய 'லோ புரொஃபைல்' கார்டோ 69 மில்லிமீட்டரைக் கடத்தலாகாது. உயரம் பொருந்தினும் கனம் பொருந்தவேண்டும். ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை அமைந்து, இரட்டைக் கனமுள்ள கார்டுக்கு இடந்தராத பெட்டிகளும் உள. இனி மின்சாரம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டு கார்டுக்கு ஈயத்தக்கது மிகுதியாக 75 வாட். சில குறும்பெட்டிகளுக்கு இதனினும் குறைந்த வரம்பு கைந்நூலிலேயே விதிக்கப்பட்டிருக்கும். எம் பெட்டியின் பவர் சப்ளை மொத்தமே 255 வாட்.

"பவர் சப்ளையை மாற்றிவிடலாமே" எனின், ஈண்டுதான் எம் முறையீடு உள்ளது. பொதுவாக எங்கும் வழங்குவது 24 முனை இணைப்பு. இப்பெட்டியின் மதர்போர்டிலோ 8 முனை இணைப்பே உண்டு. பவர் சப்ளையின் வடிவமும் வேறு. கடையில் எளிதிற் கிடைக்கும் பொதுப்பொருள் அப்படியே பொருந்தாது. இவ்வழக்கம் ஓரினத்திற்கே உரியதன்று. பெயர்பெற்ற அலுவலகப் பெட்டிகள் பலவற்றிலும் காணலாம். உறுதியாகச் செய்யத் தெரிந்தோர்க்குப் பொதுவாகச் செய்யத் தெரியாதா? நல்ல நிலையிலுள்ள பெட்டி ஒரு கம்பியின் பொருட்டுக் குப்பைக்குச் செல்வது எமக்கு நியாயமாகப் படவில்லை.

கார்டைத் திருப்பிக் கொடுத்தோம். பணத்தில் ஒரு பங்கு திரும்பவில்லை. பின்னர் அளவறிந்து ஆராய்ந்தோம். 2019-ஆம் ஆண்டில் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 குறுகிய வடிவிலும் கிடைக்கின்றது. ஆனால் 75 வாட் என்னும் எல்லையையே தொட்டு நிற்கின்றது. 2022-ஆம் ஆண்டின் ஆர்.எக்ஸ். 6400-க்கு 53 வாட் போதும்; எனினும் நான்கு தடங்களாலேயே மதர்போர்டுடன் உரையாடுவதாதலின், பழைய மூன்றாந் தலைமுறை ஸ்லாட்டில் அதன் வழி பாதியாகச் சுருங்கும். முடிவில் 2017-ஆம் ஆண்டினதாகிய ஜி.டி. 1030-ஐத் தெரிந்தோம். முப்பது வாட்டே உண்ணும், எச்.இ.வி.சி. படத்தைத் தானே விரிக்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: இப்பெயருடனேயே டி.டி.ஆர்.4 நினைவகங் கொண்ட மெலிந்த கார்டொன்று 2018-இல் வெளிவந்தது. ஜி.டி.டி.ஆர்.5 நினைவகம் விநாடிக்கு 48 ஜிகாபைட் கடத்த, அது 17-ஐயும் எட்டாது. உறையின்மேல் உள்ள சிறிய எழுத்தை வாசித்தே வாங்குக.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கார்டைச் செருகுதற்குப் பத்து நிமிடமும் ஆகவில்லை. திரை இருண்டே கிடக்க, அரைமணி நேரம் கலங்கினோம். மானிட்டர் கம்பியைப் பழைய துளையிலேயே விட்டிருந்தோம் என்பதை முதலாண்டு மாணவர் ஒருவர் கண்டு சொன்னார். அதன்பின் வீரவசனம் விக்கலின்றி ஒலித்தது. ஆயினும் தொகுத்த படத்தை மீண்டுஞ் சுருக்கிப் பதியும் உறுப்பு இக்கார்டில் இல்லை. அவ்வேலையைப் பிராசசரே இரவெல்லாம் செய்து முடித்தது. புதிய விளையாட்டுக்களை ஆடலாமென்று காத்திருந்த நண்பர்கள் இன்னும் எம்முடன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

முதற்கட்சியார்க்கும் ஒன்று ஒப்புவோம். விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்தது. இப்பெட்டியின் பிராசசர் விண்டோஸ் 11-க்கு ஏற்றதென மைக்ரோசாப்ட் கூறும் பட்டியலில் இல்லை. எந்தக் கார்டும் இதனை மாற்றாது. யாம் லினக்ஸை ஏற்றிக்கொண்டோம்.

மன்றத்திற்கு மேலும் பெட்டிகள் தரக் கருதும் முன்னாள் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்: பெட்டியின் கைந்நூலும், பின்புறத் துளைகளை மூடும் சிறு தகடுகளும் தம் அலுவலகத்தில் எங்கேனுங் கிடப்பின், அவற்றையும் உடன் அனுப்பியருளுக.